சர்க்கரை நோயில் சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் அமினோ அமிலங்கள் ஏன் மாறுகின்றன?

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 61, கைத்தறி நெசவு. சர்க்கரை நோய் வந்து 14 வருஷம் ஆகிறது. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்று எடுத்திருக்கிறார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) 1.6, ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 49. அதோடு புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்களின் பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது: சிட்ருலின் அதிகம், டைரோசினும் செரினும் குறைவு, அர்ஜினின் குறைவு, ஆர்னிதின் அதிகம், வேலின் நார்மல். இதைப் பார்த்த பெரியப்பா ஒருவர் "கிட்னிக்காரனுக்குப் புரதமே ஆகாது" என்று பருப்பு, முட்டை, தயிர் மூன்றையும் நிறுத்திவிட்டார். இப்போது கஞ்சியும் ரசமும்தான் சாப்பாடு. எடை 66 கிலோவிலிருந்து 60க்கு வந்துவிட்டது. இன்னொருவர், குறைந்திருக்கும் அமினோ அமிலத்துக்குப் பவுடர் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். அந்தப் பட்டியலில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், சிறுநீரகம் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகள் குறைந்துபோனதுதான். அந்த எண்களுக்கென்று தனியாக வைத்தியம் கிடையாது. பார்க்க வேண்டிய வேறு எண்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது உங்கள் ரிப்போர்ட்டிலேயே இல்லை. நான் வேலூரில் பல வருஷம் மருத்துவமனை பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்தவன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எண்கள் எதைக் காட்டுகின்றன என்பதை மட்டும் நான் விளக்குகிறேன்.

நம் பக்கத்தில் கிட்னி என்று ஆரம்பித்தாலே பேச்சு நேராக டயாலிசிஸுக்குப் போய்விடும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971ல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதனால் கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்த ரிப்போர்ட்டின்படி உங்கள் அப்பா இருப்பது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்தின் முதல் பாதி, ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்கும் 59க்கும் நடுவே. இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஆனால் செய்து பலன் பார்க்கக்கூடியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அமினோ அமிலங்கள் மிகச் சிறியவை என்பதால் அந்த நீரோடு தடையில்லாமல் வெளியே வந்துவிடும். நாளைக்கு 50 முதல் 70 கிராம் வரை இப்படி வடிகிறது. வடிகட்டியை அடுத்திருக்கும் முதல் நுண்குழாய் அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சிறுநீரில் போகும். ஆக, "யூரினில் புரதம் போகிறது" என்று டாக்டர் சொல்வது இந்த அமினோ அமிலங்களை அல்ல. அது ஆல்புமின் என்ற பெரிய புரதம். வடிகட்டியே பழுதாகும்போது கசிவது. சாப்பிடும் புரதம், ரத்தத்தின் அமினோ அமிலம், சிறுநீரில் கசியும் ஆல்புமின் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் உங்கள் வீட்டில் தயிர் நின்றுபோயிருக்கிறது.

திரும்ப உறிஞ்சுவதோடு சிறுநீரகம் நிற்பதில்லை. சில அமினோ அமிலங்களை அது வேறொன்றாக மாற்றுகிறது, சிலவற்றைப் புதிதாகச் செய்து ரத்தத்தில் விடுகிறது. குடல் சிட்ருலினைத் தயாரித்து ரத்தத்தில் விடும். சிறுநீரகம் அதை எடுத்து அர்ஜினினாக மாற்றும். சிறுநீரகத் திசு குறையும்போது சிட்ருலினை எடுப்பார் இல்லை, ரத்தத்தில் தேங்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் சிட்ருலினுக்கு மேலே போட்டிருக்கும் அம்பு இதுதான். அதே மாதிரி ஃபினைல்அலனினை டைரோசினாக மாற்றும் நொதி கல்லீரலைப் போலவே சிறுநீரகத்திலும் இருக்கிறது. அந்தப் பங்கு குறைந்தால் டைரோசின் இறங்கும். கிளைசினிலிருந்து செரினைச் செய்து உடம்புக்குக் கொடுப்பதிலும் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் செரினும் இறங்குகிறது. இந்த மூன்று அம்புகளும் ஈ.ஜி.எஃப்.ஆர் 49 என்ற ஒரே செய்தியைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. அப்பாவுக்குப் புதிதாக எந்த நோயும் வந்துவிடவில்லை.

அர்ஜினின் குறைவு, ஆர்னிதின் அதிகம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சிறுநீரகம் ஓரளவு தளர்ந்தாலும் அர்ஜினின் அளவு பெரும்பாலும் அவ்வளவாக இறங்காது. ரத்தம் எடுத்த குழாயில் நடந்த மாற்றமாக இது இருக்கலாம். சிவப்பணுக்களுக்குள் ஆர்ஜினேஸ் என்ற நொதி இருக்கிறது. அணுக்கள் உடைந்தால் அது வெளியே வந்து அர்ஜினினை ஆர்னிதினாக வெட்டிப்போடும். குளுட்டமினும் இப்படித்தான், வெயிலில் கிடந்தால் குளுட்டமேட்டாக மாறிவிடும். அமினோ அமில டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குழாயை ஐஸில் வைத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் குழாயைப் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு இன்னும் நாலைந்து வீடு சுற்றிவிட்டு, பிறகு அது பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும்? அதுவும் நம் அக்னி நட்சத்திர வெயிலில்? எந்த மாதம் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த மாதமாக இருந்தாலும் அந்த இரண்டு எண்களை நம்பி ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

இப்போது வேலினுக்கு வருகிறேன். பட்டியலில் அது ஒன்றுதான் நார்மல் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் யோசிக்க வைத்தது.

வேலின், லியூசின், ஐசோலியூசின் மூன்றும் ஒரே குடும்பம். கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் என்று பெயர். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இவை ரத்தத்தில் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த ஏற்றம் 1969லேயே பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறைகளாக மக்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து 2011ல் ஒரு முடிவு வந்தது: இந்த மூன்றும், கூடவே டைரோசினும் ஃபினைல்அலனினும் அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த 12 ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அப்போது அவர்களின் ரத்தச் சர்க்கரை நார்மல். ஆக, சர்க்கரை நோய் இந்த எண்களை மேலே தள்ளுகிறது.

சிறுநீரகத் தளர்ச்சி இதே எண்களைக் கீழே இழுக்கிறது. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து, முக்கியமாகக் கறி, முட்டையில் அதிகமுள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களிலிருந்து, உடம்பில் தினமும் அமிலம் உண்டாகிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகம் குளுட்டமினை உடைத்து அம்மோனியா தயாரித்து, அதில் அமிலத்தை ஏற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்பகுதிகள்) குறைந்தால் இந்த வேலை பின்தங்கி ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அமிலம் சேர்ந்தால் தசை தன் புரதத்தை உடைக்க ஆரம்பிக்கும். வேலினையும் லியூசினையும் எரித்துத் தள்ளும். ஆகவே சர்க்கரை நோயும் சிறுநீரகத் தளர்ச்சியும் ஒரே ஆளிடம் இருக்கும்போது வேலின் நார்மலாக இருப்பது நலத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. மேலே தள்ளும் நோயும் கீழே இழுக்கும் நோயும் சமமாக இருக்கும் இடமாகவும் அது இருக்கலாம். ஆறு கிலோ இறங்கியிருக்கும் ஒருவரிடம் நான் இந்த இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இதைக் கண்டுபிடிக்க அமினோ அமில டெஸ்ட் தேவையில்லை. பைகார்பனேட் என்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அது 22க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் சோடா பைகார்பனேட் மாத்திரை தருவார். அதில் சோடியம் இருப்பதால் பி.பி.யும் கால் வீக்கமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சமையல் சோடாவை நீங்களாகக் கரைத்துக் கொடுக்க வேண்டாம்.

தசை கரைவதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அதுவும் குறையும், ஈ.ஜி.எஃப்.ஆர் கணக்கில் நன்றாக இருப்பது போலத் தெரியும். கஞ்சி குடித்து இளைத்த ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.6லிருந்து 1.4க்கு வந்தால் வீட்டில் "பத்தியம் வேலை செய்கிறது" என்று சந்தோஷப்படுவார்கள். போனது தசையாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற டெஸ்ட் இருக்கிறது, அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. அப்பாவைக் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். தறிக்குழியில் மிதித்த கால் அது. தொடை மெலிந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

இதே வரிசையில் இன்னும் ஆபத்தான ஒரு சந்தோஷம் இருக்கிறது. "சுகர் தானாகவே குறைந்துவிட்டது, மாத்திரையைப் பாதியாக்கிவிட்டோம்" என்று பலர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரவு முழுக்கப் பட்டினியாக இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல் மட்டுமில்லை. சிறுநீரகமும் குளுட்டமின் போன்றவற்றிலிருந்து சர்க்கரை செய்து கொடுக்கிறது. இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்துவதிலும் அதற்குப் பெரும் பங்கு. சிறுநீரகம் தளர்ந்தால் சர்க்கரை உற்பத்தி குறைகிறது, இன்சுலின் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குகிறது. அதனால்தான் பழைய அளவு மருந்திலேயே சர்க்கரை தாழ்கிறது. நோய் குணமாவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளிபென்கிளமைட் என்ற பழைய மாத்திரை இந்த நிலையில் குறிப்பாக ஆபத்தானது. விடியற்காலையில் வியர்த்து, படபடத்து, பேச்சுக் குழறினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். அப்பாவின் மாத்திரைப் பட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்றும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் இருந்தால், ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்குக் கீழே போகும்போது அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதத்திலும் இந்த முதல் நுண்குழாய்க்கு ஒரு பங்கு இருக்கிறது. அமினோ அமிலமும் சர்க்கரையும் அங்கே சோடியத்தோடு சேர்ந்துதான் உள்ளே இழுக்கப்படுகின்றன. சர்க்கரை அளவுக்கு மீறி வடிந்தால் அதை இழுக்கும்போது சோடியமும் அதிகமாகப் போய்விடும். அடுத்த கட்டத்துக்கு வந்துசேரும் உப்பு குறைந்திருப்பதைப் பார்த்து, "வடிகட்டுவது போதவில்லை" என்று சிறுநீரகம் தவறாகக் கணக்குப் போட்டு வடிகட்டிக்குள் ரத்த அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. நோயின் ஆரம்ப வருஷங்களில் ஈ.ஜி.எஃப்.ஆர் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டுவதற்கும், பிறகு வடிகட்டி தழும்பேறிப்போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஒரே வேளையில் நிறையக் கறி சாப்பிட்டாலும் சில மணி நேரத்துக்கு வடிகட்டும் வேகம் கூடும்.

இந்த அழுத்தத்தை இறக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. லோசார்டன், இர்பிசார்டன் என்ற பி.பி. மருந்துகள் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்று 2001லேயே பெரிய ஆய்வுகள் காட்டின. அதன்பின் வந்த எஸ்.ஜி.எல்.டி-2 வகை மருந்துகள் நான் மேலே சொன்ன சர்க்கரை-சோடியம் வழியையே அடைக்கின்றன. 2019ல் கானாகிளிஃப்ளோசின், 2020ல் டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் டயாலிசிஸ் வரைக்கும் போவதைத் தள்ளிப்போடுகின்றன என்று உறுதியானது. 2024ல் செமாகுளுட்டைடு என்ற ஊசி மருந்துக்கும் இதே மாதிரி முடிவு வந்தது. டாபாகிளிஃப்ளோசினுக்குக் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. நெசவாளர் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. லோசார்டன் வகை, எஸ்.ஜி.எல்.டி-2 வகை மருந்துகளை ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். அழுத்தம் இறங்குவதன் அடையாளம் அது. 30 சதவீதத்துக்கு உட்பட்ட ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. டயாலிசிஸ் இல்லாத சிறுநீரக நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. அப்பாவுக்கு நாளைக்கு 48 முதல் 53 கிராம். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் என்றால் 9, 10 கிராம். மதியம் சோறு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, காய், அரைக் கிண்ணம் தயிர் சேர்த்தால் 20க்குப் பக்கம். ஒரு முட்டை 6. இரண்டு வேளை டீயில் சேரும் பால் 4, 5. இரவு இரண்டு சப்பாத்தியோ மூன்று தோசையோ 6, 7. கணக்கு முடிந்தது. சாயங்காலம் சுண்டல் சாப்பிடும் நாளில் முட்டையை விட்டுவிடலாம். இப்போது அவர் குடிக்கும் கஞ்சியிலும் ரசத்திலும் இதில் பாதி வந்தாலே அதிகம். பற்றாக்குறைக்கு உடம்பு தன் தசையையே எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து வரும் கழிவையும் அதே சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். பருப்பும் தயிரும் நாளைக்கே திரும்பட்டும்.

பருப்பு, பயறு மாதிரி தாவரப் புரதத்தில் அமிலச் சுமை கறியைவிடக் குறைவு. பொட்டாசியம் டெஸ்ட்டில் ஏறியிருந்தால் மட்டும் காயை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டச் சொல்வார்கள். ஏறாதவருக்கு அந்தப் பத்தியம் வேண்டாம். ஆம்பூர் பிரியாணியை அவர் வாழ்நாளில் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வெந்த கறி 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, நாள் கணக்கில் பாதி. உப்பும் தாராளம். எப்போதாவது ஒரு வேளை, இரண்டு துண்டு, மற்ற வேளையில் முட்டை, சுண்டல் இல்லாமல் என்றால் டாக்டர் திட்டமாட்டார்.

பவுடர் வேண்டாம். டைரோசின் குறைவாக இருக்கிறதென்று டைரோசினையும் அர்ஜினினையும் கொட்டினால் நோய் திரும்பும் என்பதற்கு ஆதாரமில்லை. கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பவுடர் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு விற்பது. புரதக் கணக்கைத் தாண்ட வைப்பதைத் தவிர அப்பாவுக்கு அது எதுவும் செய்யாது. கீட்டோ அனலாக் மாத்திரை என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நைட்ரஜன் நீக்கிய அமினோ அமில வடிவங்கள் அவை. உடம்பு தன்னிடமுள்ள கழிவு நைட்ரஜனைச் சேர்த்து அவற்றை முழுமையாக்கிக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் நோய் முற்றிய கட்டத்தில், புரதத்தை மிகவும் குறைத்து, டயட்டீஷியன் மேற்பார்வையில் கொடுப்பது அது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்க வேண்டியதில்லை.

அமினோ அமிலம் என்ற பேச்சில் ஸ்டார் ஃப்ரூட்டையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு நல்லது, கல் கரையும் என்று ஜூஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். ஃபினைல்அலனினைப் போன்ற அமைப்புள்ள காராம்பாக்சின் என்ற நச்சு அதில் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாமல் அது மூளைக்குப் போய் நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். உயிரும் போயிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு துண்டுகூட வேண்டாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத முக்கியமான டெஸ்ட் யூரின் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். காலை முதல் சிறுநீர், ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 என்றால் கசிவு ஆரம்பித்துவிட்டது. 300க்கு மேலே போனால் வேகமாகச் செயல்பட வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது எடுக்காதீர்கள், பொய்யாக ஏறும். அதிகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதோடு பைகார்பனேட், பொட்டாசியம், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை, கண் பரிசோதனை. மூன்று மாதம் கழித்து ஈ.ஜி.எஃப்.ஆர் இன்னொரு முறை. ஒரே ரிப்போர்ட்டை வைத்து நாள்பட்ட நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. அமினோ அமிலப் பட்டியலுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம். அந்தக் காசில் நான் சொன்ன டெஸ்ட்டுகளில் பலவற்றை முடித்துவிடலாம்.

தறியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு முட்டியும் இடுப்பும் வலிக்காமல் இருக்காது. வலிக்கு அப்பா மெடிக்கல் ஷாப்பில் என்ன மாத்திரை வாங்கிப் போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மருந்துகள் இந்த நிலையில் சிறுநீரகத்தை வேகமாகக் கெடுக்கும், லோசார்டன் வகையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அவர் சட்டைப் பையில் இருக்கும் பட்டையை எடுத்துப் பாருங்கள், அடுத்த முறை போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.